கல்லூரி அசைன்மென்ட்: பாடத்துக்குப் பாடம் எழுத்து ஏன் மாறுகிறது, எப்படி மாற்றி எழுதுவது

பள்ளியில் கட்டுரைக்கு ஒரே சட்டகம்தான். முன்னுரை, நடுவில் நாலைந்து உள்தலைப்பு, முடிவுரை. கல்லூரிக்கு வந்ததும் அதையே தூக்கிக்கொண்டு போய் வரலாற்றுக்கும் வைக்கிறோம், இயற்பியல் லேப் ரிப்போர்ட்டுக்கும் வைக்கிறோம், தத்துவத்துக்கும் வைக்கிறோம். ஒரு பாடத்தில் நல்ல மார்க் வருகிறது, இன்னொன்றில் பாதிகூடத் தேறுவதில்லை. உடனே "எனக்கு எழுத்து வராது" என்று நிறைய பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எழுத்தெல்லாம் வருகிறது. அந்தத் துறை எதை ஆதாரம் என்று ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டும்தான் தெரியவில்லை, அதை யாரும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதும் குறைவு, ஏனென்றால் வருடக்கணக்காக அந்தத் துறையிலேயே இருப்பவருக்கு இதையும் சொல்லித் தர வேண்டும் என்று தோன்றவே தோன்றாது.

எந்த அசைன்மென்ட்டை எடுத்தாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: இந்தப் பாடத்தில் ஒருவரை "சரி, ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்ல வைப்பது எது? வேதியியலில் அது அளவீடு. வரலாற்றில் அந்தக் காலத்து ஆவணம். இலக்கியத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும் சொற்கள். கணிதத்தில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இடைவெளி இல்லாமல் போகும் தர்க்கம். சட்டத்தில் சட்டப் பிரிவும் முந்தைய தீர்ப்பும். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த வரிசையில் எழுதுவது, இறந்த காலத்திலா நிகழ்காலத்திலா எழுதுவது, 'நான்' என்று எழுதலாமா கூடாதா, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும்.

கேள்வியில் என்ன கேட்டிருக்கிறார்கள்

கேள்வியின் கடைசி வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். விவரி என்றால் என்ன நடந்தது, எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். ஒப்பிடு என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். முதல் மூன்று பக்கம் ஒன்றைப் பற்றி, அடுத்த மூன்று பக்கம் இன்னொன்றைப் பற்றி என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. மதிப்பிடு என்றால் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று நழுவினால் மார்க் போகும்.

"தொழிற்புரட்சி குழந்தைத் தொழிலாளர்களின் வாழ்க்கையை எந்த அளவுக்கு மாற்றியது என்று மதிப்பிடுக" என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஏழெட்டுத் தாளில் நீராவி எந்திரத்தில் ஆரம்பித்து, தொழிற்புரட்சி பற்றித் தெரிந்த எல்லாமும் வந்து இறங்கிவிடும். கேள்வியில் கனமான சொல் 'எந்த அளவுக்கு' என்பதுதான். அதற்கு முன்பே குழந்தைகள் வயலிலும் வீட்டுத் தறியிலும் வேலை பார்த்தார்கள் இல்லையா? அப்படியானால் ஆலை வந்த பிறகு புதிதாக மாறியது எது? வேலை நேரமா, கண்காணிப்பா, கூலி யார் கைக்குப் போனது என்பதா? கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

மதிப்பெண் எப்படிப் பிரித்துப் போடப்படும் என்று ஒரு அட்டவணை கொடுத்திருந்தால் அதை எழுதும் முன்பு ஒரு தடவையும் முடித்த பிறகு ஒரு தடவையும் படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம், ஆனால் "என்ன எழுதணும்?" என்று கேட்டால் அவரால் உதவ முடியாது. "நான் ஆலைச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன், இது இந்தக் கேள்விக்குப் போதுமா, ரொம்பக் குறுகிவிடுமா?" என்று கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் உருப்படியான பதில் கிடைக்கும்.

லேப் ரிப்போர்ட்

அறிவியல் அறிக்கையின் வரிசை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்: அறிமுகம், செய்முறை, முடிவுகள், விவாதம். ஆனால் அந்த வரிசையில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலில் அட்டவணைகளையும் வரைபடங்களையும் முடித்துவிடுங்கள். அப்புறம் செய்முறை, அப்புறம் முடிவுகள், அதற்குப் பிறகு விவாதம். அறிமுகமும் சுருக்கமும் கடைசியில். என்ன கிடைத்தது என்று தெரிவதற்கு முன்பே அறிமுகம் எழுத உட்கார்ந்தால் பாடப்புத்தகத்தைத்தான் திருப்பி எழுதுவோம்.

செய்முறை என்பது சமையல் குறிப்பு மாதிரி "கரைசலை ஊற்றவும், கலக்கவும்" என்று போகக் கூடாது. நீங்கள் செய்ததைச் சொல்கிறீர்கள், அதனால் இறந்த காலம்: "25 மில்லி கரைசலை எடுத்தோம்." 'நாங்கள்' என்று எழுதலாமா, செயப்பாட்டு வினையில்தான் எழுத வேண்டுமா என்பது துறைக்குத் துறை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையை வைத்துக்கொண்டு வேறொருவர் அதே சோதனையை அப்படியே செய்து பார்க்க முடிய வேண்டும், அதுதான் இந்தப் பகுதிக்கு அளவுகோல்.

விவாதப் பகுதிதான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் செய்திருப்போம். ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி அலைவு நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 9.8 வர வேண்டிய இடத்தில் 9.6 வந்திருக்கிறது. உடனே "மனிதப் பிழையால் விடை மாறியது" என்று ஒரு வரி. அந்த வரியால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எந்தப் பிழை, அது விடையை எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்று சொல்ல வேண்டும்.

நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தக் கை கொஞ்சம் தாமதிக்கும். அது ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும், அதனால்தான் ஒரே ஒரு அலைவை அளக்காமல் 20 அலைவுகளை அளந்து 20-ஆல் வகுக்கிறோம்; அந்தப் பிழையும் கூடவே 20-ஆல் வகுபடுகிறது. இது ஒரு வகைப் பிழை. இன்னொரு வகையும் உண்டு: நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல் குண்டின் மேல்முனை வரை மட்டும் அளந்திருந்தால், ஒவ்வொரு அளவும் குண்டின் ஆரம் அளவுக்குக் குறைந்தே இருக்கும். எத்தனை தடவை திருப்பிச் செய்தாலும் அது சரியாகாது. தனித்தனியாகக் கணக்குப் போட்டால் விடை குறைவாக வரும். ஆனால் அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தைத் தரும் கோட்டின் சாய்வு மாறாது, கோடு மட்டும் மூலப்புள்ளி வழியாகப் போகாமல் அதற்குச் சற்று மேலே அச்சை வெட்டும். "எங்கள் கோடு மூலப்புள்ளிக்கு மேலே வெட்டுகிறது, நீளத்தைக் குண்டின் மேல்முனை வரை அளந்தது இதற்குக் காரணமாக இருக்கலாம், ஆகவே சாய்விலிருந்து எடுத்த மதிப்பையே நம்புகிறோம்" என்று எழுதிப் பாருங்கள். எந்த ஆசிரியரும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

9.6 என்பது தப்பா சரியா என்பதும் அதனோடு சேர்ந்து வரும் பிழை எல்லையைப் பொறுத்தது. 9.6, கூட்டியோ குறைத்தோ 0.3 என்றால் அது 9.8-ஓடு ஒத்துப்போகிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டியோ குறைத்தோ 0.05 என்றால் எங்கேயோ கோளாறு இருக்கிறது, தேடுங்கள். கால்குலேட்டர் காட்டுகிறது என்பதற்காக 9.63472 என்று எழுதாதீர்கள், உங்கள் கையில் இருந்த கடிகாரத்துக்கு அத்தனை துல்லியம் கிடையாது. அளவீட்டை விடைக்கு ஏற்றபடி திருத்துவது மட்டும் ஒருபோதும் வேண்டாம்; அது ஏமாற்று வேலை, அதோடு நன்றாக விவாதிக்கக் கிடைத்த வாய்ப்பையும் கெடுத்துக்கொள்கிறோம்.

அறிக்கையின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. டிஎன்ஏ இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25-ஆம் தேதி நேச்சர் இதழில் அறிவித்த கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சற்று மேல்தான். பக்கத்தை நிரப்புவதற்காக எழுதப்பட்ட பத்தியை அறிவியல் ஆசிரியர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வரலாறு

வரலாற்றுக் கட்டுரையில் தேதிகளை அடுக்கினால் அது காலவரிசை மட்டுமே. அங்கே கேட்பது உங்கள் வாதம், அந்த வாதத்தைத் தாங்கும் ஆவணம், அந்த ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்ற உங்கள் கணிப்பு. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மேலே சொன்ன குழந்தைத் தொழிலாளர் கேள்விக்கே வருவோம். 1832-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு குழு, ஆலைகளில் குழந்தைகள் பட்ட பாட்டைப் பற்றிச் சாட்சியம் கேட்டது. படித்தால் மனசு பதறும். ஒரு மேற்கோளை எடுத்துப் போட்டு, "இதிலிருந்து ஆலைகளின் நிலைமை தெரிகிறது" என்று முடித்துவிடத்தான் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். சாட்லர் வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் வர வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தவர். சாட்சிகள் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பேசவில்லை. ஒருதலைப்பட்சமானது என்று அப்போதே ஆலை முதலாளிகள் எதிர்த்தார்கள், 1833-ல் அரச ஆணையம் ஒன்று தனியாக விசாரிக்கப் போனது. அதே வருடம் வந்த ஆலைச் சட்டம், பட்டு ஆலைகள் நீங்கலாக, துணி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது.

அதற்காகச் சாட்லர் குழு அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டுமா? கூடாது. எதற்கு அது ஆதாரம் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவே. எல்லா ஆலைகளிலும் சராசரி நிலைமை இதுதான் என்பதற்கு அது பலவீனமான ஆதாரம். சட்டம் கேட்டவர்கள் எந்த மாதிரி அனுபவங்களை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆணையத்தின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்த்தால் உங்களுக்கே சொந்தமான ஒரு வாதம் கிடைத்துவிடும். யார் எழுதினார்கள், யாருக்காக, எப்போது, எதை அடையப் பார்த்தார்கள் என்ற நாலு கேள்வியை ஒவ்வொரு ஆவணத்திடமும் கேளுங்கள், கேட்டதைக் கட்டுரைக்குள்ளேயே எழுதுங்கள்.

இலக்கியம்

கதைச் சுருக்கம் வேண்டாம். திருத்துகிறவர் அந்த நாவலைப் பல தடவை படித்திருப்பார், என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது அப்படிச் சொல்லப்பட்டிருப்பதால் என்ன விளைகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கதையில் இந்த மூன்று வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அவள் கடிதத்தை மடித்தாள். மறுபடி மடித்தாள். அதற்கு மேல் மடிக்க இடமில்லை." இதைப் பற்றி "அவள் மிகுந்த சோகத்தில் இருக்கிறாள்" என்று எழுதினால் சுருக்கம்தான் சொன்னீர்கள், அதுவும் உறுதி இல்லாத சுருக்கம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று வாசகருக்குச் சொல்லப்படவே இல்லை. அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்றும் இல்லை. கை செய்யும் வேலை மட்டும் இருக்கிறது. முதல் இரண்டு வாக்கியத்தில் செய்கிறவள் அவள்; மூன்றாவதில் அவளே காணாமல் போய்க் காகிதம்தான் மிஞ்சுகிறது. இவ்வளவையும் கவனித்த பிறகு, "செய்தியை மறைக்க அவள் எடுக்கும் முயற்சி ஓர் எல்லையில் அவள் கையை மீறிப் போவதை வாக்கிய அமைப்பே காட்டுகிறது" என்று ஒரு வாதத்தை வைக்கலாம். அதை ஏற்காதவர்கூட எந்தச் சொல்லை வைத்து நீங்கள் அப்படிச் சொல்கிறீர்கள் என்று பார்க்க முடியும்.

படைப்பில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவது வழக்கம்: அவள் மடிக்கிறாள், அவன் திரும்பிப் போகிறான். கவிதையில் பேசும் குரலையும் கவிஞரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாண்டாதீர்கள்; இரண்டு வரி மேற்கோள் போட்டால் அதைப் பற்றி நீங்கள் குறைந்தது நாலு வரியாவது பேச வேண்டும், பேச ஒன்றுமில்லை என்றால் அந்த மேற்கோளே தேவையில்லை.

கணிதமும் புரோகிராமும்

கணிதத்திலும் எழுத்து உண்டா என்று கேட்பவர்கள்தான் அங்கே அதிகம் மார்க் இழக்கிறார்கள். நிரூபணம் என்பது முழு வாக்கியங்களால் ஆன உரைநடை. இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும் என்று நிரூபிக்கச் சொன்னால், 3-உம் 5-உம் 8, 7-உம் 9-உம் 16 என்று காட்டுவது ஆதாரம் ஆகாது. ஆயிரம் எடுத்துக்காட்டு கொடுத்தாலும் ஆகாது. "இரண்டையும் 2க+1 என்க" என்று ஆரம்பிப்பது அதைவிட நுட்பமான தவறு, ஏனென்றால் அப்படி எழுதிய உடனே இரண்டு எண்ணும் ஒரே எண் ஆகிவிட்டது. "ஒன்றை 2க+1 என்றும் மற்றதை 2ச+1 என்றும் கொள்வோம், இங்கே க, ச இரண்டும் முழு எண்கள். இவற்றின் கூடுதல் 2க+2ச+2, அதாவது 2(க+ச+1). க+ச+1 ஒரு முழு எண் என்பதால் கூடுதல் இரட்டை எண்." அவ்வளவுதான் நிரூபணம், ஆனால் புதிதாக வந்த ஒவ்வொரு எழுத்தும் யார் என்று அறிமுகப்படுத்தியாகிவிட்டது, ஒவ்வொரு 'என்பதால்' என்பதற்கும் முன்னால் காரணம் இருக்கிறது.

புரோகிராம் அசைன்மென்ட் அறிக்கைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். புரோகிராம் என்ன செய்கிறது என்று வரிக்கு வரி எழுத வேண்டாம், புரோகிராமே அதைச் சொல்லும். ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள், வேறு எதை ஒதுக்கினீர்கள், உள்ளீடு காலியாக வந்தால் என்ன ஆகும், பத்து லட்சம் வரி வந்தால் எவ்வளவு மெதுவாகும், எதையெல்லாம் சோதித்துப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

சமூக அறிவியல், பொருளாதாரம்

உளவியலிலும் சமூகவியலிலும் சொல் அளந்து பேச வேண்டும். இரண்டு விஷயம் சேர்ந்து கூடுகிறது என்பதால் ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகாது. 'நிரூபிக்கிறது' என்று எழுதும் இடத்தில் எல்லாம் 'சுட்டுகிறது', 'ஒத்துப்போகிறது' என்று போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் உண்மையாக இருக்கும். 'மன அழுத்தம்', 'வறுமை' மாதிரிச் சொற்களை எதை வைத்து அளந்தீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை பேரிடம் கேட்டீர்கள், அவர்கள் யார், யாரெல்லாம் விடுபட்டுப் போனார்கள் என்பதும் வேண்டும். உங்கள் வகுப்பு நண்பர்கள் முப்பது பேரிடம் கேட்டுவிட்டு "இன்றைய இளைஞர்கள்" என்று எழுதக் கூடாது.

எண்கள் இருந்தால் சராசரியோடு நிற்காமல் வரைந்து பாருங்கள். புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973-ல் நாலு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நாலுக்கும் சராசரி, பரவல், ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்), பொருத்திய கோடு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. வரைந்து பார்த்தால் ஒன்று சிதறலான நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டிலும் தனியாக விலகி நிற்கும் ஒரே ஒரு புள்ளி முழுக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது.

பொருளாதாரத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் விலை ஏறியதால் அதை வாங்கும் அளவு குறைந்தால், அது அதே தேவைக் கோட்டின் (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) மேலேயே நகர்வது. மக்களின் வருமானம், விருப்பம் மாதிரி அந்தப் பொருளின் விலை அல்லாத வேறொன்று மாறினால்தான் கோடே இடம் மாறும். இரண்டையும் 'தேவை குறைந்தது' என்று ஒரே மாதிரி எழுதிவிட்டு வரைபடத்தில் கோட்டையும் தள்ளி வரைந்தால் அங்கேயே மார்க் போய்விடும். எதையெல்லாம் மாறாமல் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்று ஒரு வரி, அச்சுகளுக்குப் பெயர், இரண்டும் கட்டாயம்.

மற்றவை, சுருக்கமாக

தத்துவத்தில் 'நான் வாதிடப் போவது இது' என்று தாராளமாக எழுதலாம். ஆனால் எதிர்த் தரப்பை அதன் பலமான வடிவத்தில் எடுத்து வைத்த பிறகுதான் அடிக்க வேண்டும். யாரும் சொல்லாத முட்டாள்தனமான வாதத்தை உருவாக்கி அதைத் தோற்கடித்தால் அது கணக்கில் சேராது. சட்டத்தில் பிரச்சினை, விதி, பொருத்துதல், முடிவு என்ற வரிசை. மாணவர்கள் விதியை ஒரு பக்கம் எழுதிவிட்டு நேரே முடிவுக்குத் தாவுவார்கள். மார்க் இருப்பது மூன்றாவது படியில், இந்த வழக்கின் இந்தத் தகவலுக்கு அந்த விதி எப்படிப் பொருந்துகிறது என்பதில். மேலாண்மை கேஸ் அறிக்கையில் உங்கள் பரிந்துரையை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், காரணம் பிறகு வரட்டும், ஏனென்றால் நிஜத்தில் அதைப் படிக்கப் போகிறவருக்கு முடிவெடுக்கத்தான் நேரம் இருக்கும். செவிலியம், ஆசிரியப் பயிற்சி மாதிரிப் படிப்புகளில் அனுபவக் குறிப்பு எழுதச் சொல்வார்கள், கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் வகுத்த சுழற்சியை அதற்கு நிறையக் கல்லூரிகள் பயன்படுத்துகின்றன: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த முறை செய்யப் போவது. முதல் இரண்டிலேயே முக்கால்வாசி இடத்தைச் செலவழித்துவிடாதீர்கள். நோயாளியையோ குழந்தையையோ யாரும் அடையாளம் காணும்படி எழுதவும் கூடாது.

மேற்கோள், காப்பி, ஏஐ

மேற்கோள் முறைகளை வெறும் சடங்கு என்று நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். உளவியலில் புழங்கும் ஏபிஏ முறையில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே வருடம் நிற்கும், ஏனென்றால் அங்கே ஓர் ஆய்வு எவ்வளவு புதியது என்பது முக்கியம். இலக்கியத்தில் புழங்கும் எம்எல்ஏ முறையில் பெயரோடு பக்க எண் நிற்கும், ஏனென்றால் படிப்பவர் அந்தச் சொற்களைப் போய்ப் பார்க்க வேண்டும். வரலாற்றில் சிகாகோ அடிக்குறிப்பு, ஏனென்றால் எந்த ஆவணக் காப்பகம், எந்தக் கோப்பு, எந்தத் தேதிக் கடிதம் என்பதை ஓர் அடைப்புக்குறிக்குள் திணிக்க முடியாது. பொறியியலில் ஐ ட்ரிபிள் ஈ முறையில் சதுர அடைப்புக்குள் எண் மட்டும். எந்த முறை, எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொண்டு, படிக்கும்போதே விவரங்களைக் குறித்து வையுங்கள். சமர்ப்பிக்கும் ராத்திரியில் 'இதை எங்கே படித்தேன்' என்று தேடுவது பெரிய வேதனை.

சொந்த நடையில் எழுதுவது என்றால் சொல்லுக்குச் சொல் மாற்றுவது இல்லை. மூலத்தில் "நகரங்களில் வாடகை உயர்ந்ததால் இளம் தொழிலாளர்கள் பணியிடத்திலிருந்து தொலைவில் குடியேறத் தொடங்கினர்" என்று இருக்கிறது. "பட்டணங்களில் வாடகை கூடியதால் இளைய தொழிலாளிகள் வேலை இடத்திலிருந்து தூரத்தில் குடிபோக ஆரம்பித்தனர்" என்று எழுதினால் அது காப்பிதான், கீழே பெயர் போட்டாலும்கூட. புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் கட்டுரைக்கு அதில் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்: "தொலைவில் குடியேறியதை இவர் வாடகையோடு மட்டும் இணைக்கிறார்; போக்குவரத்து வசதி மேம்பட்டதும் காரணமாக இருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை." பெயரும் வருடமும் இதற்கும் வேண்டும். டர்னிட்டின் மாதிரி, மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி காட்டும் சதவீதம் ஒற்றுமையை மட்டும்தான் சொல்லும். முறையாக மேற்கோள் காட்டிய வரியும் அதில் சேர்ந்துகொள்ளும், கருத்தைத் திருடியது அதில் விழாமலும் போகும், அதனால் எண்ணைக் குறைக்கச் சொல்லை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஏஐ கருவிகளைப் பற்றி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு விதி இருக்கும், அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் அது தரும் நூல் பெயர், கட்டுரைப் பெயர், பக்க எண் எதையும் நேரில் பார்க்காமல் போடாதீர்கள். இல்லாத கட்டுரைகளை இருப்பது போலவே அது எழுதித் தரும். இன்னொன்றையும் மனதார நம்புகிறேன்: எந்த ஆதாரம் போதும், எது போதாது என்று தவித்து முடிவெடுக்கும் வேலைக்காகத்தான் இந்த அசைன்மென்ட்டே, அதைக் கருவியிடம் கொடுத்துவிட்டால் படிப்பின் முக்கால் பங்கைக் கொடுத்துவிட்டோம்.

எழுதும் வேலை, திருத்தும் வேலை

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்காதீர்கள். சுருக்கம், படங்கள், முடிவு, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு உங்களுக்கு வேண்டியதா என்று தீர்மானித்த பிறகு செய்முறைக்கு வாருங்கள். இலக்கிய மீளாய்வு, அதாவது உங்கள் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் பற்றிய பகுதி, எழுதும்போது "இவர் இப்படிச் சொன்னார், அடுத்தவர் அப்படிச் சொன்னார்" என்று ஆள்வாரியாக அடுக்காமல், எந்தக் கேள்வியில் அவர்கள் ஒத்துப்போகிறார்கள், எதில் பிரிகிறார்கள் என்று கேள்விவாரியாகப் பிரியுங்கள்.

முதல் வரைவை மோசமாகவே எழுதி முடியுங்கள், பரவாயில்லை. முடித்த பிறகு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரு வரி குறியுங்கள். குறிக்க முடியாத பத்தியில் இரண்டு மூன்று விஷயம் கலந்திருக்கும், பிரிக்க வேண்டும். ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள், எங்கே தாவுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு ராத்திரியாவது இடைவெளி விட்டு, சத்தமாக வாசியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். எழுத்துப்பிழை கடைசியில்தான், வெட்டப் போகிற பத்திக்கு ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

திருத்திய தாள் திரும்பி வந்ததும் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடாமல், ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புகளைப் பாடவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அதே பாடத்துக்கு அடுத்த அசைன்மென்ட் வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத் திறங்கள். 'ஆழம் போதாது' மாதிரி புரியாத குறிப்பு இருந்தால் அந்தப் பத்தியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போய், இங்கே என்ன ஆதாரம் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்கள் என்று கேளுங்கள். தாள் வந்த வாரத்திலேயே போய்விடுங்கள், உங்கள் கட்டுரை அவர் நினைவில் இருக்கும்போதே.